இரண்டு அடித்திருகுகள்

1

போன மாதம் மூக்குக் கண்ணாடியின் கூட்டைத் தேடி மேசை இழுப்பறையைக் கிளறியபோது ஒரு தகர டப்பா கிடைத்தது. உள்ளே நாற்பத்தோரு காகிதத் துண்டுகள். ஒவ்வொன்றும் ஒருபக்கமாகச் சாய்ந்த நாற்கரம். சவர பிளேடால் வெட்டியது, வெட்டியவன் நான். ஒரு காலத்தில் கோவில்பட்டிக்குக் கடிதம் எழுத வாங்கிய விமானத் தபால் தாள் அது. அங்கே கடிதம் படிக்க ஆளில்லாமல் போனபின் மீந்துவிட்டது. வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசு. ஆனால் பருத்தி கலந்தது, லேசில் கிழியாது.

இந்தத் துண்டை ஈரமாக்கி ஈயக் குண்டின்மேல் இரண்டு சுற்று சுற்றுவார்கள். காய்ந்தால் தோல்போல இறுகிவிடும். துப்பாக்கிக் குழலுக்குள் ஈயம் இரும்பைத் தொடாது, காகிதம்தான் தொடும். வாயைவிட்டு வெளியே வந்த கணம் காகிதம் நார்நாராகக் கிழிந்து உதிர்ந்துவிடும். குண்டு மட்டும் போகும்.

அந்த டப்பாவைப் பார்த்ததும்தான் இந்தக் கதை பிறந்தது.

[இல்லை. மூன்று வருடமாக எழுதி எழுதி நிறுத்திக்கொண்டிருக்கிறேன். டப்பாவைப் பார்த்தபோது செய்ததெல்லாம், மூடி திரும்ப உள்ளே வைத்ததுதான்.]

2

முதல் தொடக்கம்:

"முதல் பனி விழுந்த காலையில் வெர்ல் ஸ்டக்கி, ஆர்டா குன்ஸின் துப்பாக்கிப் பட்டறைக் கதவைத் தட்டினான். பதினோரு வருடங்களுக்கு முன் அவருடைய கணவனைச் சுட்டுக் கொன்ற கை அது—"

எழுதிவிட்டு எனக்கே பிடித்துப்போனது. ஆனால் வெர்ல் தட்டவில்லை. ஆர்டாவின் வீடு இருக்கும் தெருவுக்குள் அப்போதெல்லாம் அவன் நுழைவதே இல்லை. தபால் நிலையத்துக்குப் போவதற்குக்கூட ஆற்றங்கரையைச் சுற்றிக்கொண்டுதான் போவான்.

இரண்டாவது தொடக்கம்:

"ஆர்டாவின் கணவன் ரீட் குன்ஸும் வெர்லும் அக்டோபரில் எல்க் வேட்டைக்குப் போனார்கள். எல்க் என்றால் நம்மூர்க் கடமானைவிடப் பெரிய மான். அந்தி மங்கி, சுடக்கூடாத நேரம் ஆகிவிட்டிருந்தது. புதருக்குள் பழுப்பாக ஏதோ அசைந்தது. வெர்ல் சுட்டான். அசைந்தது ரீட்டின் கோட்டு. பூட்ஸ் கயிற்றைக் கட்டக் குனிந்திருக்கிறான். மூன்று மைல் தோளில் தூக்கிக்கொண்டு வெர்ல் மலையிலிருந்து இறங்கினான். இறங்கியபோது தூக்கி வந்தது பிணம்."

இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. வெர்ல் நான்கு வருடம் சிறையில் இருந்தான். பத்தொன்பது வருடம் கடைசல் வேலை செய்த சுரங்கத்தில் திரும்பச் சேர்க்கவில்லை. இப்போது ஒரு ஆட்டுப் பண்ணையில் புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சும் குழாய்களை நகர்த்துகிறான். எல்லாம் உண்மை. ஆனால் நான் இதில் எங்கேயும் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? நான் கவனித்தேன். அதனால்தான் இந்தத் தொடக்கத்தையும் விட்டுவிடுகிறேன்.

மூன்றாவது தொடக்கம்:

"வெர்ல்கிட்டப் போய்ச் சொல்லு, மணி," என்றார் ஆர்டா. "அவனுக்கு நான் ஒரு துப்பாக்கி செஞ்சு தரேன்னு."

இதுதான் நடந்தது. தூது போனவன் நான்.

3

ஐடஹோவின் இந்த மூலையில், பெல்லோஸ் க்ரீக் என்ற ஊரில், இருபத்தேழு வருடமாக இருக்கிறேன். பாஸ்பேட் சுரங்கத்தின் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மணி என்றால் இவர்கள் காதில் பணம் என்று விழும். "பணம் வருது, கதவத் திற" என்ற கேலியை இன்றுவரை யாரும் நிறுத்தவில்லை. மணிவாசகம் என்று முழுப்பெயரையும் சொல்லப் பழகிக்கொண்ட ஒரே ஆள் ரீட். நான் வந்த முதல் குளிர்காலத்தில் என் கார் பள்ளத்தில் இறங்கியது. ரீட் டிராக்டரோடு வந்து இழுத்துப் போட்டான். அதன்பிறகு பன்னிரண்டு குளிர்காலம், நான் எழுந்திருக்கும் முன்பே என் வாசல் பனியைத் தள்ளிவிட்டுப் போய்விடுவான். ஒருமுறைகூட அதைப்பற்றிப் பேசியதில்லை.

ஆர்டா சொன்னதும் நான் கேட்டேன்: "வெர்லுக்கா? அவன் துப்பாக்கியத் தொடக்கூடாதே. சட்டம் விடாதே?"

"வாய் வழியா மருந்து கெட்டிக்கற துப்பாக்கி. அந்தக் காலத்து ஜாதி. சட்டப்படி அது துப்பாக்கியே இல்லையாம்."

"எதுக்கு ஆர்டா?"

அவர் குழல் ஒன்றுக்குள் விளக்கைக் காட்டி ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். அறுபத்தாறு வயது. இந்தப் பள்ளத்தாக்கில் காகிதம் சுற்றிய குண்டுக்கென்று குழல் செய்யத் தெரிந்த ஒரே ஆள். கண்ணை எடுக்காமல் சொன்னார்: "ஜெயில்லேர்ந்து வந்து ஏழு வருசமாச் சர்ச்ல எனக்கு ரெண்டு பெஞ்ச் பின்னாடி உக்காந்திருக்கான். முதுகு வலிக்குது, மணி. ஒரு முடிவுக்கு வரணும்."

மன்னிப்பு என்று நான் நினைத்துக்கொண்டேன். [நினைத்துக்கொண்டேனா? முதுகு வலிக்கிறவர்கள் பேசும் குரல் வேறு. அது எனக்கு அப்போதே தெரியும்.]

வெர்ல் வியாழக்கிழமைகளில் என் வீட்டுக்குக் காப்பி குடிக்க வருவான். இவர்கள் மதத்தில் காப்பி கூடாது. "ஜெயில்ல கத்துக்கிட்ட ஒரே நல்ல பழக்கம், பிஷப்கிட்ட போட்டுக்குடுத்துராத" என்பான். செய்தியைச் சொன்னபோது கோப்பையை வைத்துவிட்டான்.

"ஆர்டாவா சொன்னா? அவ வாயால?"

"அவங்க வாயாலதான்."

"என் பேரச் சொன்னாளா?"

"சொன்னாங்க."

கோப்பையைத் திரும்பக் கையில் எடுத்தான். "அப்படின்னா போறேன்" என்றான்.

4

ஒரு சங்கடத்தைச் சொல்லிவிட வேண்டும். ஆர்டாவை 'அவர்' என்று எழுதுகிறேன். வெர்லை 'அவன்' என்று. இந்த ஊர் மொழியில் இந்த வித்தியாசம் கிடையாது. தமிழில் எழுத உட்கார்ந்தால் ஒவ்வொரு வினைச்சொல்லின் வாலிலும் ஒரு தீர்ப்பு ஒட்டிக்கொண்டு வருகிறது. ரீட்டும் 'அவன்'தானே என்பீர்கள். அது வேறு 'அவன்'.

நவம்பரில் வேலை தொடங்கியது. முப்பத்திரண்டு அங்குலக் குழல். உள்ளே ஆழமில்லாத வரிகள், ஆனால் வேகமாகச் சுழலும் வரிகள். நீளமான குண்டு தள்ளாடாமல் போக அந்தச் சுழற்சி வேண்டும். ஒரு கம்பி முனையில் ஈயத்தை வார்த்து, உமரித் தூள் பூசி, குழலுக்குள் முன்னும் பின்னும் இழுத்து இழுத்து மெருகேற்றுவார் ஆர்டா. ஒரு நாளைக்கு நூறு தடவை. எங்கே இறுக்கம், எங்கே தளர்ச்சி என்பது கைக்கு மட்டும்தான் தெரியும்.

[உமரி அல்ல, எமரித் தூள். உமரி எங்கள் பக்கத்துக் கடலோர உப்பளங்களில் முளைக்கும் செடி. பிழையை அப்படியே விடுகிறேன். கை எங்கே போகப் பார்க்கிறது என்று நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்: இந்த ஊரைவிட்டு எங்காவது.]

என் பங்குக்கு ஈயத்தில் வெள்ளீயம் எத்தனை பங்கு என்று கணக்குப் போட்டுக் கொடுத்தேன். காகிதம் வெட்டிக் கொடுத்தேன். சனிக்கிழமைகளில் வெர்ல் வருவான், துப்பாக்கிக் கட்டையை அவன் உடம்புக்கு அளவெடுக்க. தையல்காரர் மாதிரி ஆர்டா அவனை நிறுத்தி வைத்து அளந்தார். முழங்கையிலிருந்து விரல் வரை. தோள் குழி. கன்ன எலும்பு கட்டையில் படியும் இடம்.

"கழுத்த விறைக்காத. நான் கடிச்சிரமாட்டேன்."

"விறைக்கல."

"மரக்கட்டை மாதிரி நிக்கற. இந்த வால்நட் கட்டை உன்னவிட நெளிவா இருக்கு."

அவன் சிரித்தான். அவரும் சிரித்தார். அதை ஜன்னல் வழியே பார்த்த யாரோ ஊரில் சொல்லிவிட்டார்கள். அடுத்த ஞாயிறு பிஷப் மன்னிப்பைப் பற்றியே பேசினார். சாப்பாட்டுக்குக் கூடியபோது, இங்கே சாவு வீடுகளுக்கென்றே சமைக்கிற பாலாடைக்கட்டி உருளைக்கிழங்கை ஆர்டாவின் தட்டில் மூன்று பெண்கள் மாற்றி மாற்றி வைத்தார்கள். அவர் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

5

பிப்ரவரி. வெட்டிய காகிதங்களோடு பட்டறைக்குப் போனேன். ஆர்டா வீட்டுக்குள் போனில் பேசிக்கொண்டிருந்தார். மேசையில் கேக் சுடும் தட்டு ஒன்று, குழிகுழியாக இருக்குமே அது. அதில்தான் திருகுகளையும் சில்லறைச் சாமான்களையும் போட்டு வைப்பார். அதில் இரண்டு அடித்திருகுகள் இருந்தன.

அடித்திருகு என்பது குழலின் பின்வாயை அடைக்கும் இரும்பு. மருந்து வெடிக்கும்போது முன்னால் குண்டு போகிறது. பின்னால் எதுவும் போகாமல் பிடித்துக்கொள்வது இந்தத் திருகுதான். அதற்கு அரை சாண் பின்னால் சுடுகிறவனின் கண் இருக்கும்.

ஒன்றில் பன்னிரண்டு சுற்று மரை. மற்றதில் இரண்டு. மீதிப் பத்தையும் கடைசலில் சீவி எடுத்து மொழுமொழுவென்று ஆக்கியிருந்தது. வேலை கெட்டுப்போன இரும்பு என்று தூக்கிப் போடலாம். ஆனால் கெட்டுப்போன இரும்புக்கு யாரும் எண்ணெய் பூசி வைப்பதில்லை.

ஆர்டா திரும்பி வந்தார். நான் தட்டைப் பார்ப்பதைப் பார்த்தார்.

"காகிதம் கொண்டாந்தியா?"

"கொண்டாந்தேன்."

"எத்தன?"

"அம்பது."

"போதும். அவ்வளவு ஆகாது."

வீட்டுக்குப் போய் ஒரு கதை எழுத உட்கார்ந்தேன். அதில் ஒரு பெண் துப்பாக்கி செய்கிறாள். எவ்வளவு முயன்றும் அவள் ஏன் செய்கிறாள் என்று எனக்கு எழுத வரவில்லை. பாத்திரத்தின் மேல்தான் சந்தேகம் என்று அன்று நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன். பாத்திரத்தின் மேல்!

6

மே மாதம் முதல் வேட்டு. இந்தப் பகுதியை மூன்று விதமாக எழுதினேன்.

"சுடுதளத்தில் ஆர்டாவின் முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது—"

பொய்.

"வண்டியில் போகும்போது திடீரென்று அந்த இரண்டு திருகுகளும் நினைவுக்கு வந்தன—"

பாதிப் பொய்.

அன்று காலை ஆர்டாவின் பட்டறையிலிருந்து துப்பாக்கியை வண்டிக்குத் தூக்கி வந்தவன் நான். வரும்போது அந்தக் கேக் தட்டைப் பார்த்தேன். பன்னிரண்டு மரைத் திருகு அதில் இருந்தது. தனியாக.

அது மட்டுமா? புதுக் குழல் எதையும் ஆர்டா தானும் சுடமாட்டார், யாரையும் சுடவிடமாட்டார். பழைய டயரில் கட்டி, இரட்டை மருந்து போட்டு, சுவருக்குப் பின்னால் நின்று கயிற்றை இழுத்துத்தான் சோதிப்பார். இந்த முறை, "முதல் வேட்டு வெர்லோடதா இருக்கட்டும்" என்றார். அப்போதும் பேசாமல் இருந்தேன். தளம் இருபத்திரண்டு மைல். நான்தான் ஓட்டினேன். பக்கத்தில் ஆர்டா. பின் இருக்கையில் வெர்ல், மடியில் துப்பாக்கியோடு. யாரோ ஒருவரின், புதிதாகக் கன்று போட்ட மாட்டைப் பற்றிப் பேசினோம்.

தளத்தில் எங்கள் மூவரைத் தவிர ஆளில்லை. வெர்ல் நீளமான பித்தளைக் குழாய் வழியே மருந்தைக் கொட்டினான். அதன்மேல் அட்டை வில்லை. பிறகு என் காகிதம் சுற்றிய குண்டை வாயில் வைத்துக் கட்டைவிரலால் அமுக்கினான். நல்ல குழலில் அந்தக் குண்டு தன் கனத்திலேயே இறங்கும். உள்ளே இருக்கும் காற்று மெல்ல வெளியேறும் சத்தம் கேட்கும். கேட்டது. கம்பியால் அடிவரை தள்ளினான். மருந்தைப் பற்றவைக்கும் சின்ன வெடிதொப்பியைப் பொருத்தினான். மேசையில் சாய்ந்து, ஆர்டா அளந்து செதுக்கிய கட்டையில் கன்னத்தை வைத்தான். துப்பாக்கியின் குதிரையை ஏற்றும் சத்தம் வந்தது.

நான் பேசவில்லை.

"வெர்ல்," என்றார் ஆர்டா. "குதிரைய எறக்கு."

அவன் அசையவில்லை.

"எறக்குடான்னா எறக்கு! தொப்பியக் கழட்டிக் கீழ போடு."

கழற்றிப் போட்டான்.

"அடித்திருகு சரியில்ல," என்றார்.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"மார்ச் மாசம் நீ உள்ள போன சமயத்துல கழட்டிப் பாத்தேன். ரெண்டு மரைதான் இருக்கு. பத்தொம்போது வருசம் கடைசல்ல நின்னவன்கிட்ட இதயா மறைப்ப, ஆர்டா?"

"தெரிஞ்சுகிட்டேவா மூஞ்சிய வச்சுச் சாஞ்ச?"

"நீ என்ன நெனச்சியோ அப்படியே ஆகட்டும்னு இருந்தேன். நான் கேட்டு வாங்கற எடத்துல இல்ல."

ஆர்டாவின் கையில் எண்ணெய்த் துணி இருந்தது. அதால் அவன் முகத்தில் அடித்தார். திரும்பவும் அடித்தார். "ரீட்டக் கொன்ன. சரி. அத சுமக்கறேன். உன்னையும் என் தலையில ஏத்திட்டுப் போயிரலாம்னு பாத்தியா? ஒரு பொணம் பத்தாதாடா எனக்கு?"

வெர்ல் கையைத் தூக்கவில்லை. துணி பட்ட இடமெல்லாம் கருப்பாக எண்ணெய். "நீதானேம்மா செஞ்ச," என்றான், குழந்தை மாதிரி.

"நான்தான் செஞ்சேன்! நான்தான் செஞ்சேன்!" என்று கத்தினார். பிறகு சரளைக்கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "மணி, தண்ணி கொண்டா. குழல்ல ஊத்தணும். மருந்து நனையட்டும்."

வண்டிக்குப் போய்த் தண்ணீர்க் கேனை எடுத்து வந்தேன். குழல் வாய் வழிய ஊற்றினேன். அவர்கள் இருவரும் என்னைப் பார்க்கவே இல்லை. எனக்குத் தெரிந்திருக்கும் என்று இருவருக்கும் தோன்றவில்லை.

7

இங்கே நிறுத்தலாம். சில வாசகர்களுக்குக் குழல் வெடித்திருக்க வேண்டும். அந்த முடிவையும் எழுதிப் பார்த்தேன். ஒன்றரைப் பக்கம் வந்தது, மிக நன்றாக வந்தது. எழுத்து அவ்வளவு சரளமாக ஓடியதுதான் பயமாக இருந்தது. வேறு சிலருக்கு இருவரும் கட்டிப்பிடித்து அழ வேண்டும். அது—

[அதை எழுத எனக்குக் கை வரவில்லை.]

நடந்தது இவ்வளவுதான். ஆர்டா அந்த வாரமே நல்ல திருகைப் போட்டு, டயரில் கட்டிச் சோதித்து, துப்பாக்கியை என்னிடம் கொடுத்தனுப்பினார். ரீட் செத்தபிறகு தன் கையால் செய்த குழல்களிலேயே சிறந்தது அது என்றார். வருத்தமாகத்தான் சொன்னார். இன்றுவரை அவனோடு பேசுவதில்லை. சர்ச்சில் வெர்ல் இப்போது கடைசி பெஞ்சில் உட்காருகிறான்.

அந்த இலையுதிர்காலத்தில் அவன் அந்தத் துப்பாக்கியோடு மலைக்குப் போனான். வெறுங்கையோடு வந்தான்.

"தொண்ணூறு அடியில நின்னுச்சு, மணி. கொம்பு தெரிஞ்சுது. கண்ணு தெரிஞ்சுது. மூச்சு விட்டா ஆவி வர்றது தெரிஞ்சுது."

"அப்புறம் என்ன?"

"எல்க்தானான்னு சந்தேகமா இருந்துச்சு." கோப்பையைச் சுற்றிச் சுற்றி வைத்தான். "அது போற வரைக்கும் பாத்துகிட்டே இருந்தேன். போனப்புறமும் சந்தேகமாத்தான் இருந்துச்சு."

பிறகு, கோப்பையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "அன்னிக்கு அந்தத் திருகு விசயம்... உனக்கு ஒண்ணும் தெரியாதுல்ல?"

"தெரியாது," என்றேன்.

"நெனச்சேன். தெரிஞ்சிருந்தா நீ விட்டிருக்கமாட்ட."

8

ஏன் விட்டேன் என்று சொல்ல வேண்டிய இடம் இது. பயம், தயக்கம், ஆர்டாவின் மேல் மரியாதை என்று மூன்று பத்தி எழுதி அடித்தேன். காரணம் ஒரு வரிதான். அந்த வரியை எழுதத்தான் மூன்று வருடம் ஆனது. எழுதியும் விட்டேன், இன்று, சற்றுமுன்.

இன்று வியாழக்கிழமை. நான் காகிதங்களை எடுத்து வைப்பதற்குள் வெர்ல் வந்துவிட்டான். பனிபட்ட தொப்பியைக் கதவில் மாட்டிவிட்டு எதிரே உட்கார்ந்தான்.

"என்ன எழுதற? உங்க மொழியா?"

"ஆமா."

"எங்களப் பத்தியா?"

"கொஞ்சம்."

"வாசியேன். சும்மா கேக்கறேன். புரியாட்டி என்ன, சர்ச்ல மட்டும் எனக்கு எல்லாம் புரியுதா?"

வாசித்தேன். முழுக் கதையையும் அல்ல. இந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும். அவன் கண்ணை மூடிக்கொண்டு, காப்பி ஆறுவது தெரியாமல் கேட்டான். வாசிக்க வாசிக்க எனக்குத் தைரியம் வந்தது. அந்த ஒரு வரியையும் வாசித்தேன், குரலை இறக்காமல், நிறுத்தி, தெளிவாக:

"வெர்ல் சாக வேண்டும் என்று நான் விரும்பினேன், கொல்லும் கை ஆர்டாவுடையதாக இருந்தது எனக்கு வசதியாகப் போயிற்று."

வெர்ல் கண்ணைத் திறந்தான்.

"நல்லாருக்கு, கேக்க. தண்ணி ஓடற மாதிரி." கொஞ்சம் முன்னால் சாய்ந்தான். "கடைசியா ஒண்ணு வாசிச்சியே. அதுல என் பேரு வந்துச்சு. ஆர்டா பேரும் வந்துச்சு. அதுக்கு என்ன அர்த்தம்?"

இதற்கு மேல் நான் எழுதவில்லை. பேனா என் கையில்தான் இருக்கிறது. அவன் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறான். இந்த மேசையைச் சுற்றி இருப்பவர்களில் அந்த வரியைப் படிக்கத் தெரிந்தவர்கள் நானும் நீங்களும் மட்டுமே. அவன் காத்துக்கொண்டிருக்கிறான். நீங்களே சொல்லுங்கள், என்ன அர்த்தம் என்று.